கூடப் படிக்கிறவர் செய்த கேமை விளையாடிய பிறகு

வணக்கம். கேம் டெவலப்மென்ட் படிக்கும் மாணவர்களோடு கொஞ்சம் பேசத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் செய்யும் கேமைப் பற்றி அல்ல, கூடப் படிக்கிறவர் செய்த கேமை விளையாடிவிட்டு அவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பற்றி.

வகுப்பில் பெரும்பாலும் காதில் விழுவது "சூப்பர்டா", இல்லாவிட்டால் "போர் அடிக்குது". மறுநாள் அவர் கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியையோ கோடோவையோ திறந்து உட்காரும்போது எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதற்கு இவற்றிலிருந்து ஒரு துப்பும் கிடைக்காது. ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது உதவி போலவே தோன்றும் இன்னொரு வகை: "ஜம்ப்பை உயரமாக்கு", "எதிரிகளைக் குறை", "மல்டிபிளேயர் போடு". என்ன நோய் என்று சொல்லாமலே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம்.

ஜம்ப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிளாட்ஃபார்மர் கேம், அதாவது ஓடித் தாவி முன்னேறும் கேம், பள்ளத்தைத் தாண்ட வேண்டும், திரும்பத் திரும்ப விழுகிறீர்கள். உயரம் போதவில்லை என்று முடிவு கட்டுவது சுலபம். அதை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பாருங்கள்: "இரண்டாவது பள்ளத்தில் நாலைந்து தடவை விழுந்தேன், ஒவ்வொரு தடவையும் விளிம்பில் நிற்கும்போதே பட்டனை அழுத்தியதாகத்தான் எனக்குத் தோன்றியது, ஆனால் அது தாவவே இல்லை, கேம் என்னை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது." கேம் செய்தவருக்கு உடனே பொறி தட்டும். கால் விளிம்பைத் தாண்டிய மறு பிரேமிலேயே (திரையில் வரும் அடுத்த படத்திலேயே) அவருடைய புரோகிராம் ஜம்ப்பை மறுத்துவிடுகிறது, நம் விரலோ அவ்வளவு துல்லியமாக இயங்காது. தரையை விட்ட பிறகும் ஒரு கணம் ஜம்ப்பை ஏற்றுக்கொள்ளும்படி எழுதிவிட்டால் சரியாகிவிடும். கயோட்டி டைம் என்று இதைச் சொல்வார்கள். 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் இந்தச் சலுகை ஏறக்குறைய 0.1 நொடி. உயரத்தை ஏற்றியிருந்தால் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும், மற்ற லெவல்களின் அளவுகளும் கெட்டிருக்கும்.

ஹுனிக்கே, லெப்ளாங்க், ஜூபெக் என்ற மூன்று பேர் 2004-இல் எழுதிய ஒரு கட்டுரை கேம் டிசைன் படிப்பவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கேம் செய்பவர் விதிகளிலிருந்து புறப்பட்டு அனுபவத்தை நோக்கிப் போகிறார், விளையாடுபவர் அந்த அனுபவத்தின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார் என்கிறது அது. உங்கள் பக்கத்திலிருந்து தெரிவது செய்தவருக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறார்.

அப்புறம், பில்டு, அதாவது விளையாடிப் பார்க்கக் கொடுத்திருக்கும் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து லெவலைச் சோதித்துக்கொண்டிருப்பவரிடம் கிராஃபிக்ஸ் மோசம் என்று சொல்வது அவருடைய நேரத்தை வீணாக்குவது. 2005-இல் அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் நார்பாகுலர் டிராப் என்று ஒரு சிறு கேம் செய்தார்கள். ஒரு வாசலில் நுழைந்து வேறொரு சுவரில் உள்ள வாசல் வழியே வெளியே வருவதுதான் அதன் ஆட்டம், பார்வைக்கு ரொம்ப எளிமையான கேம். வால்வ் என்ற கேம் நிறுவனத்தினர் அந்த வாசல்களைக் கவனித்தார்கள், அந்த மாணவர் குழுவையே வேலைக்கு எடுத்தார்கள், 2007-இல் அதே வாசல்களை வைத்து போர்ட்டல் என்ற கேம் வந்தது. உங்கள் நண்பருடைய கேமிலும் அப்படி ஏதாவது ஓர் இடத்தில் நீங்கள் நேரம் போவது தெரியாமல் விளையாடியிருப்பீர்கள். அது எந்த இடம் என்று சொல்லுங்கள். பாராட்டுக்காக அல்ல, இல்லாவிட்டால் மற்ற குறைகளைத் திருத்தும் வேகத்தில் அவர் அதையே வெட்டி எறிந்துவிடலாம்.

பக், அதாவது புரோகிராமில் உள்ள பிழை, கண்ணில் பட்டால் அதிகம் பேசத் தேவையில்லை, இவற்றைச் சொன்னால் போதும்: எந்தக் கருவி, எந்த லெவல், கடைசியாக எதை அழுத்தினீர்கள். முடிந்தால் திரையைப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள்.

கேம் செய்தவருக்கும் ஒரு வேலை உண்டு, அது ரொம்பக் கஷ்டமான வேலை. நண்பர் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். "அங்கே இல்லை, இடப்பக்கம் போ" என்று சொல்லத் துடிக்கும், சொல்லாதீர்கள். கேமை வாங்குகிறவர் வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அவர் எங்கே தயங்கினார், எந்தக் கதவை ரெண்டு தரம் தட்டிப் பார்த்தார், எங்கே செல்போனைக் கையில் எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காமல், "அந்த இடத்தில் என்ன நினைத்தாய்?" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒருவர் உங்கள் கேமை முதன்முதலாக விளையாடுவது ஒரே ஒரு தடவைதான். ஆரம்ப லெவல் புரிகிறதா என்பதை, ஏற்கெனவே விளையாடியவரிடம் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் முதல் பில்டையே வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைக்கு நாலு பேர் போதும், மற்றவர்கள் அடுத்தடுத்த பில்டுகளுக்குப் புதிய கண்ணோடு காத்திருக்கட்டும்.