கண் மட்டும் பார்த்தால் போதாது

வணக்கம். மஞ்சள் காமாலை என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "மலம் என்ன நிறத்தில் போகிறது?" என்பதைத்தான். பலர் கூச்சப்பட்டு, "கவனிக்கவில்லை டாக்டர்" என்பார்கள். தயவுசெய்து கவனியுங்கள். அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். கல்லீரல் அதைப் பித்தநீரில் சேர்த்து, பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவதே இதனால்தான்.

சரி, அந்த நாளம் அடைபட்டால்? குடலுக்குப் போக வேண்டியது ரத்தத்தில் ஏறுகிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கடும் தேநீர் நிறத்துக்கு மாறுகிறது, மலமோ வெளிறிக் களிமண் போலாகிறது. கூடவே அரிப்பு. இரவெல்லாம் தூங்கவிடாத இந்த அரிப்பைத் தோல் நோய் என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டே நாளைக் கடத்துபவர்களும் உண்டு.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம், பித்தப்பையிலிருந்து நழுவி வந்து நாளத்தில் சிக்கிய கல். அப்போது வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும். ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது வலியே இல்லாமல் வரும் காமாலைதான், முக்கியமாக வயதானவர்களுக்கு, எடையும் குறைந்துகொண்டே வந்தால். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி நாளத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். "வலிதான் இல்லையே" என்று காத்திருக்காதீர்கள்.

காமாலையோடு குளிர்நடுக்கக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தேங்கிய பித்தத்தில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், பச்சிளம் குழந்தைகள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலமும் வெளிறியிருந்தால், நாளம் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

ஸ்கேனில் நாளம் வீங்கியிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கல் என்றால், வாய் வழியாக எண்டோஸ்கோப் கருவியைச் செலுத்தியே எடுத்துவிடலாம். கட்டி நெரிக்கும் இடத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தத்துக்கு வழிவிடலாம். அடைப்பு நீங்கிய பிறகும் கண் தெளியச் சில வாரங்கள்கூட ஆகலாம், பயப்பட வேண்டாம். மலத்தின் பழுப்பு நிறம் அதற்கு முன்பே திரும்பிவிடும்.