முதலில் காசைப் பாருங்கள், அப்புறம் சீட்டைப் படியுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏலத்தில் பழைய நாணயம் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இந்தக் காசுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" சின்னக் கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காசு என்ன நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த நிலையில் உள்ள காசை மற்றவர்கள் என்ன விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதிலைக் காசிடமே கேட்க வேண்டும். இரண்டாவதற்குப் பழைய ஏலப் பதிவுகளைப் புரட்ட வேண்டும். இரண்டையும் ஏலம் தொடங்குமுன் தனித்தனியாக முடித்துவிட வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பழந்தமிழில் வண்ணக்கன் என்று ஒரு சொல் உண்டு. நாணயத்தைச் சோதித்து இது நல்லது, இது குறை என்று சொல்கிறவருக்கு அந்தப் பெயர். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடும் அது சேர்ந்து வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஏலத்தில் கை தூக்குகிற ஒவ்வொருவரும் முதலில் கொஞ்சமாவது வண்ணக்கனாக இருக்க வேண்டும்.

இன்று தரத்தை எண்ணால் சொல்கிறார்கள், அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் காசின் பெட்டியில் ஒட்டுகிறார்கள். 1 முதல் 70 வரை போகும் அளவுகோல் அது. 1 என்றால் இன்ன காசு என்று அடையாளம் காண முடிகிற அளவுக்கு மட்டும் மிஞ்சியது. 70 என்றால் பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாதது. 60க்குக் கீழே இருப்பவை புழங்கித் தேய்ந்தவை. 60 முதல் 70 வரை தேய்மானமே இல்லாதவை. இந்த அளவுகோல் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர், அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய ஒரு சென்ட் செப்புக்காசுகளுக்காக இதை வகுத்தார். அவர் கணக்கில் தரமும் விலையும் ஒரே எண். ஒரு காசு வகைக்கு அடிப்படை விலை ஒன்று வைத்துக்கொண்டு, தர எண்ணால் பெருக்கினால் விலை வந்துவிடும். 70 தரக் காசு, 1 தரக் காசைப் போல் எழுபது மடங்கு. அந்தக் கணக்கு சந்தையில் வெகுநாள் நிலைக்கவில்லை. பெருக்கல் செத்துப்போனது, எண் மட்டும் தங்கிவிட்டது. இன்று 64க்கும் 65க்கும் ஒரே ஒரு படிதான் வித்தியாசம். சில காசுகளில் விலை அந்த ஒரு படியில் இரண்டு மூன்று மடங்கு தாவும். அதனால்தான் எண்ணை நம்பிப் பணம் கட்டுமுன் அந்த எண் எதைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் ஒளி. அச்சு, காசாகப் போகும் வெற்று உலோகத் தகட்டின் மேல் இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வின் தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகக் காசின் மேல் நிற்கும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்பினால், ஒளிப்பட்டை ஒன்று சக்கரத்தின் ஆரம் போல அதன் மேல் சுழன்று வரும். லஸ்டர் என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். இது ஒருமுறை போனால் திரும்ப வராது. பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும், சுழலும் பட்டை வராது. வெளிச்சம் காசு முழுவதும் அசையாமல் அப்படியே நின்றால் யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அப்புறம் லென்ஸை எடுங்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். தலைமுடி போன்ற கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாக ஓடினால் துணியோ பொடியோ போட்டுத் துடைத்திருக்கிறார்கள். இயல்பாக விழுந்த கீறல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பல திசைகளில் இருக்கும்.

இரண்டாவது, தேய்மானம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். உருவத்தின் மேடான இடங்களைப் பாருங்கள்: கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, பறவையின் மார்பு. அங்கே விவரம் மழுங்கியிருந்தால் தேய்மானம் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அச்சு சரியாக அழுந்தாமல் போனாலும் அதே இடம்தான் மழுங்கியிருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. மழுங்கிய இடத்தின் மேலும் அந்தச் சுழலும் ஒளி ஓடினால் அது அச்சுக் குறை. ஒளி அந்த இடத்தில் அறுந்து, நிறம் மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் அது தேய்மானம். அச்சுக்குறை உள்ள காசைத் தேய்ந்த காசு என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகும்போது, பார்க்கத் தெரிந்தவர் அதை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, தழும்புகள். புதுக்காசுகள் மூட்டையில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் வருபவை. எத்தனை இருக்கின்றன என்பதை விட எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். முடிக்குள் மறைந்திருக்கும் ஐந்து தழும்பை விட, கன்னத்தின் நடுவில் ஒன்று காசைக் கெடுத்துவிடும்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. 58 தரக் காசு எனக்கு மிகவும் பிரியமானது. துளி தேய்மானம் இருப்பதால் அதற்கு 60 கிடைக்கவில்லை. ஆனால் 60, 61, 62 என்று சீட்டு ஒட்டிய பல காசுகள், தேயாமல் இருந்தாலும் முகமெல்லாம் தழும்போடு இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 58தான் அழகாக இருக்கிறது, விலையும் பல சமயம் குறைவு. எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் கண்ணில் இது படாது.

புரூப் என்ற சொல்லையும் தரம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது செய்முறையின் பெயர். மெருகேற்றிய அச்சும் தகடும் கொண்டு தனியாக அடித்த காசு புரூப். அதுவும் கீறலாம், மங்கலாம். 50 தரத்துக்கு இறங்கிய புரூப்பும் உண்டு.

சரி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தர எண்ணோடு வரும் காசுகள்? காசுக்குத் தரம் சொல்லும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கியபின் இது பரவலாகிவிட்டது. நல்ல விஷயம்தான். போலிக்கு எதிரான பெரிய பாதுகாப்பு அது. ஆனால் அந்தச் சீட்டில் இருப்பது, தேர்ந்த கண்கள் குறுகிய நேரத்தில் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம். அதே காசு இன்னொரு நாள் ஒரு படி ஏறலாம், இறங்கலாம். எண் இல்லாமல் 'டீடெயில்ஸ்' என்று எழுதியிருந்தால் கவனமாக இருங்கள். காசு அசல், ஆனால் கழுவியது, கீறியது, துளையிட்டு அடைத்தது என்று ஏதோ குறை உண்டு என்று அர்த்தம். அதைக் குறையில்லாத காசின் விலையோடு ஒப்பிடவே கூடாது. அப்புறம், பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்கே படம் இருந்தால் தழும்புக்குத் தழும்பு ஒப்பிடுங்கள்.

பெட்டியில் இல்லாத காசு என்றால் எடையும் விட்டமும் முதல் சாட்சி. பிரிட்டிஷ் சவரன் தங்கக்காசு 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். எடையும் விட்டமும் சரியாக வரவேண்டுமென்று தடிமனைக் கூட்டிய போலிகள் உண்டு, அதனால் தடிமனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் பெரிய வெள்ளிக்காசு ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்து ஏலத்தில் எடுத்தேன். படத்தில் பால் போல வெளுப்பு, ஒரு கீறல் கூட இல்லை. கைக்கு வந்ததும் விளக்கின் கீழே சாய்த்தேன். பட்டை சுழலவில்லை. வெற்றுத் தளம் முழுக்க ஒரே திசையில் கீறல்கள். விற்றவர்கள் நேர் வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார்கள், அதில் கீறல் தெரியாது. திருப்பித் தர விதியில் இடமில்லை. அந்த விதியை நான் ஏலத்துக்கு முன் படித்திருக்கவில்லை. இன்று வரை அந்தக் காசை விற்கவில்லை. புதிதாகச் சேர்க்க வருபவர்களின் கையில் கொடுத்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அதன் பிறகு படம் மட்டும் இருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் காசைத் திருப்பும் சின்ன வீடியோ கேட்காமல் நான் விலை சொல்வதில்லை. தர மறுத்தால் அந்தக் காசை விட்டுவிடுவேன்.

இனி விலை. கடைக்காரர் எழுதி வைத்திருக்கும் விலை அவருடைய ஆசை. ஏலத்தில் முடிந்த விலைதான் சாட்சி. அதே வருடம், அதே நாணயச்சாலை, அதே தரம் உள்ள காசுகள் அண்மையில் முடிந்த விலைகளைக் குறைந்தது ஐந்தாறு எடுங்கள். உச்சத்தில் உள்ள ஒன்றையும் அடியில் உள்ள ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளவற்றின் படங்களைத் திறந்து பாருங்கள். உங்கள் காசு அவற்றை விட அழகா, சுமாரா? ஒரே 65க்குள்ளேயே நல்ல 65, சோகையான 65 உண்டு. விற்காமல் திரும்பிப்போன காசுகளையும் கவனியுங்கள், அதுவும் ஒரு செய்திதான்.

ஒரே ஒரு விற்பனையை வைத்து விலை தீர்மானிக்க முடியாது என்பதற்கு மிகப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1794ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. அதுவரை எந்த நாணயமும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. 2020 அக்டோபரில் அதே காசு மறுபடி ஏலத்துக்கு வந்தது. இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று உரிமையாளர் வைத்திருந்த ரிசர்வ் விலையை யாரும் தொடவில்லை. 2022இல் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு அது கைமாறியது. காசு மாறவில்லை, தரம் மாறவில்லை. அன்றன்று அதை விரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் மாறியது. ஏலத்தில் உச்ச விலையை உண்டாக்க இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் அடுத்த முறை வராவிட்டால் அந்த விலை அங்கே இருக்காது.

இந்தத் தரத்தில் இத்தனை காசுதான் உண்டு என்று தரம் சொல்லும் நிறுவனங்கள் காட்டும் எண்ணிக்கைப் பட்டியலையும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே காசைப் பெட்டியிலிருந்து உடைத்தெடுத்துப் பலமுறை அனுப்பினால் அது பல காசாகப் பதிவாகலாம். மலிவான காசை யாரும் செலவு செய்து அனுப்புவதில்லை என்பதால், எங்கும் கிடைக்கும் காசு கூடப் பட்டியலில் அரிதாகத் தெரியும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஏலத்தில் முடியும் விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன் உண்டு. 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவு 40. உங்களைப் பொறுத்தவரை அந்தக் காசின் மதிப்பு 1,000. அப்படியானால் நீங்கள் கேட்கக்கூடிய உச்சம் எவ்வளவு? 1,000இல் 40ஐக் கழித்தால் 960. அதை 1.2ஆல் வகுத்தால் 800. எண்ணூறில் நிறுத்த வேண்டும். ஆயிரம் வரை கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுவரும்போது 1,240 கொடுத்திருப்பார். வரி இருந்தால் அதையும் முன்பே கழித்துக்கொள்ளுங்கள். பழைய விலைகளை ஒப்பிடும்போதும் அந்த விலையில் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதைப் பார்க்காமல் சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஏலத்துக்கு முன் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு காசைப் பார்த்து என் தரத்தை எழுதுவேன். பக்கத்தில் உச்ச விலையை எழுதுவேன். காசு வீட்டுக்கு வந்த அன்று விளக்கின் கீழே மறுபடி பார்த்து, முதல் எண்ணைப் பார்க்காமல் இன்னொரு எண் எழுதுவேன். முதல் பக்கங்களில் இரண்டு எண்ணுக்கும் நடுவே ஐந்தாறு படி வித்தியாசம். எப்போதும் முதல் எண்தான் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அப்போது நான் அந்தக் காசை விரும்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் எழுதிய பக்கத்தில் 63, 62.

நன்றி. வணக்கம்.