காதால பண்ற ஷேவிங்

வணக்கம். ஷேவிங் பத்தி ரேடியோல என்னத்த பேசறதுன்னு எனக்கே முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் யோசிச்சா ரேடியோவுக்குன்னே இருக்கிற சமாச்சாரம் இது, ஏன்னா பழைய சேஃப்டி ரேசர்ல, அதாவது ரெண்டு பக்கமும் கூரான ஒத்தை பிளேடு மாட்டற ரேசர்ல, ஷேவ் பண்றவங்க பாதி வேலைய காதாலதான் பண்றாங்க. பிளேடு தோல்ல படற கோணம் சரியா இருந்தா சரக் சரக்னு சத்தம் வரும். தப்பா இருந்தா சத்தமே வராது, நுரைய மட்டும் வழிச்சுட்டு வரும், முடி அப்படியே நிக்கும்.

இது தெரியாமதான் நான் முதல் நாளே மோவாய்க்குக் கீழ மூணு இடத்துல வெட்டிக்கிட்டேன். இப்ப எல்லாரும் வெச்சிருக்கிற, தலைய மட்டும் கழட்டி மாத்தற கார்ட்ரிஜ் ரேசர்ல தலை தானா வளைஞ்சு கொடுக்கும், கோணத்த அது பாத்துக்கும், அதுல வருஷக்கணக்கா அழுத்தி அழுத்தி இழுத்துப் பழகின கை என்னோடது. பழைய ரேசர் அப்படி இல்லை, முக்காவாசி பித்தளை, மேல நிக்கல் பூச்சு, அந்தக் கனமே போதும், நீங்க பிடிச்சுக்கிட்டு இருந்தா சரி. ரேசர் தலையோட மேல்பக்கத்த கன்னத்துல ஒட்டி வைங்க, கைப்பிடி நேரா வெளிய நீட்டிட்டு நிக்கும், அப்படியே மெதுவா கைப்பிடிய கீழ இறக்கிட்டே வாங்க, சத்தம் ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்திக்கங்க. சுமாரா 30 டிகிரி. அங்கிருந்து சின்னச் சின்ன இழுப்பு, முதல் தடவை முடி வளர்ற திசையிலயே.

நுரைக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், பன்றி முடி பிரஷ்னா முன்னாடியே கொஞ்ச நேரம் தண்ணில ஊறணும், அப்புறம் சோப்புல சுத்தும்போது தண்ணிய சொட்டு சொட்டா சேருங்க, பெரிய பெரிய குமிழி தெரிஞ்சா இன்னும் சுத்தணும்னு அர்த்தம்.

இந்த ரேசரோட கதை சுவாரஸ்யமானது. தூக்கிப் போடற பிளேடுங்கிற யோசனை கிங் கேம்ப் ஜில்லெட்டோடது, ஆனா அவ்வளவு மெல்லிசான எஃகை கெட்டிப்படுத்தி கூர் ஏத்தறது எப்படின்னு கண்டுபிடிச்சது வில்லியம் நிக்கர்சன்ங்கிற இன்ஜினியர், அவர் பேரை யாரும் சொல்றதில்லைங்கிறது என் வருத்தம். 1903ல ஜில்லெட் கம்பெனி வித்தது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷம் ரேசர் மட்டும் 90 ஆயிரத்தைத் தாண்டிருச்சு.

1950கள், 60கள்ல அமெரிக்காவுல செஞ்ச ஜில்லெட் ரேசர் கைக்கு வந்தா தலைக்கு அடியில பாருங்க, ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு எண்ணும் பொறிச்சிருக்கும். எழுத்து வருஷம், எண் அந்த வருஷத்தோட காலாண்டு. ஈ4னு இருந்தா 1959 கடைசி மூணு மாசத்துல செஞ்சது. இன்னிக்கு விக்கிற ரெண்டு பக்க பிளேடு அதுல அப்படியே உக்காரும். சுத்தம் பண்ண இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும், கொதிக்க மட்டும் வெச்சிராதீங்க, பூச்சு கெட்டுப்போகலாம்.

ஷேவ் முடிஞ்சதும் படிகாரத்த நனைச்சு முகத்துல தேயுங்க. எங்க சுரீர்னு எரியுதோ அங்க அழுத்தியிருக்கீங்க. எனக்கு இன்னிக்குக் காலைல இடது தாடைக்குக் கீழ எரிஞ்சுச்சு, பாத்ரூம் ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு, சத்தம் கேக்கல.

நன்றி, வணக்கம்.