நேவி புளூவும் ஒரு கமாவும்

நேயர்களுக்கு வணக்கமுங்க. இங்கிலீஷில் கமா, புள்ளியெல்லாம் எங்கே போடுவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் கமாவைக் கண்ணில் காட்ட முடியாது, நான் மூச்சு வாங்குகிற இடத்தில் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாத்தியார் இல்லை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருந்து, வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் தட்டியே காலத்தை ஓட்டியவன். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு பையர் ‘நேவி, புளூ’ என்று இரண்டு கலரில் சாம்பிள் கேட்டிருந்தார். டையிங்குக்கு, அதாவது சாயப்பட்டறைக்கு எழுதும்போது நடுவில் இருந்த கமாவை நான் விட்டுவிட்டேன். கமா போனதும் ‘நேவி புளூ’ ஒரே கலர். துணியும் அப்படித்தான் வந்து இறங்கியது. சாயப்பட்டறைக்காரரை என்னங்க சொல்வது, சீட்டில் இருந்ததைத்தானே அவர் செய்தார்!

நம்ம ஆட்கள் கமாவில் தடுக்கி விழுவதற்குக் காரணம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ‘மெயிலைப் பார்த்து, டையிங்கில் பேசி, தேதி வாங்கிச் சொல்கிறேன்’ என்கிறோம். பார்த்து, பேசி, வாங்கி என்று எல்லா எச்சமும் கடைசியில் வரும் ‘சொல்கிறேன்’ என்ற ஒற்றை முற்றுக்காகக் காத்து நிற்கும், அதனால் எவ்வளவு நீட்டினாலும் அது ஒரே வாக்கியம். அதே கையோடு இங்கிலீஷுக்குப் போய் ‘வீ ரிசீவ்டு யுவர் மெயில், வீ வில் ரிப்ளை டுமாரோ’ என்று கமா போட்டு ஓட்டிவிடுகிறோம். அங்கே ‘வீ ரிசீவ்டு’ தனி வாக்கியம், ‘வீ வில்’ தனி வாக்கியம். இரண்டையும் சேர்த்துக் கட்ட கமாவுக்குத் தெம்பு இல்லை. முற்றுப்புள்ளி வையுங்கள், இல்லையென்றால் கமாவுக்குப் பின்னால் ஒரு ‘அண்ட்’ சேருங்கள், அதுவும் வேண்டாம் என்றால் செமிகோலன், அதாவது கமாவுக்கு மேலே ஒரு புள்ளி வைத்த குறி.

அப்புறம் அப்பாஸ்ட்ரஃபி, எழுத்துக்கு மேலே தொங்குகிற வால். ‘மீல்ஸ் ரெடி’ போர்டில் எஸ்ஸுக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டிருப்பதை எத்தனையோ ஊரில் பார்த்திருப்பீர்கள். பன்மைக்கு அந்த வால் கிடையாதுங்க. சாப்பாட்டுக் கடைக்காரரை விடுங்கள், அவர் சோறு நன்றாக இருந்தால் போதும். ஆனால் ‘இட்ஸ்’ படித்தவர்களையே கவிழ்க்கிறது. ‘இட் இஸ்’ என்று பிரித்துப் படித்துப் பாருங்கள், பொருள் வந்தால் வால் உண்டு. ‘அதனுடைய’ என்ற பொருள் என்றால் இல்லை.

‘எப்போது வரும் என்று தெரிவியுங்கள்’ மாதிரியான வரிக்குக் கேள்விக்குறி வேண்டாம், அது கேள்வியே இல்லை. மூன்று ஆச்சரியக்குறி போட்டால் சரக்கு சீக்கிரம் வந்துவிடாது.

எண்ணில்தான் பயம் அதிகம். நாம் லட்சத்துக்கு 1,00,000 என்று கமா போடுவோம், இங்கிலீஷ்காரர் 100,000 என்பார். ஜெர்மனியில் கமாதான் தசமப்புள்ளி. 1,500 கிலோ என்று நீங்கள் எழுதினால் அங்கே ஒருத்தர் ஒன்றரைக் கிலோ என்று படிக்க இடமிருக்கிறது. ஜெர்மன் பையருக்கு நான் கமாவே போடாமல் 1500 என்றுதான் எழுதுவேன்.

இதெல்லாம் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பால் கம்பெனி டிரைவர்கள் ஓவர்டைம் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது, ‘ஷிப்மென்ட்’டுக்குப் பின்னால் கமா இல்லை. கமா இருந்திருந்தால் வினியோகம் தனி வேலையாகிவிடும், டிரைவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. அனுப்பவோ வினியோகிக்கவோ பேக்கிங் செய்கிற வேலைதானே இது, நாங்கள் பேக்கிங் செய்யவில்லையே, வண்டிதான் ஓட்டுகிறோம் என்றார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, அடுத்த வருஷம் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. அதற்குள் சட்டசபை அந்த வரியைத் திருத்தியிருந்தது. கமாவை நம்பவில்லைங்க, வேலைக்கு வேலை செமிகோலன் வைத்துவிட்டார்கள்.