வார நாளில் ஆறு கிலோமீட்டர், விடுமுறையில் மூன்று டன்: இரண்டுக்கும் ஒரே ட்ரக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

[திரையில்: காலை நேரச் சாலையில் வெறுமையாக ஓடும் பிக்கப் ட்ரக். காட்சி மாறுகிறது, அதே வண்டி டிரெய்லருடன் மலைப்பாதையில் ஏறுகிறது.]

பிக்கப் ட்ரக் வாங்க நினைப்பவர்களில் பலருக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன. மாதத்தில் ஓரிரு முறை படகையோ, குதிரையையோ, தங்கும் வசதி கொண்ட கேரவனையோ பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். மற்ற நாட்களில் ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேலையிடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். விற்பனைக் கூடத்தில் பேச்சு முழுவதும் முதல் தேவையைச் சுற்றியே நடக்கும். என்ஜினின் ஆயுளைப் பதம் பார்ப்பதோ பெரும்பாலும் இரண்டாவது தேவைதான். ஆகவே, என்ஜினைத் தினசரிப் பயணத்தை வைத்தும், சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவற்றை டிரெய்லரை வைத்தும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது.

குறுகிய பயணம் வண்டிக்கு ஓய்வு போன்றது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல ட்ரக்குகளின் உரிமையாளர் கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பைப் புரட்டிப் பார்த்தால், டிரெய்லர் இழுப்பதும், என்ஜின் சூடேறுவதற்குள் அணைக்கப்படும் குறுகிய ஓட்டங்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். அதாவது, இந்த இரண்டு வேலைகளையும் மட்டுமே செய்யும் வண்டிக்கு எளிதான நாள் என்று ஒன்று கிடையாது. ஆயிலை மாற்றும் இடைவெளியையும் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

[திரையில்: என்ஜினின் குறுக்குவெட்டுப் படம், சிலிண்டர் சுவரை ஒட்டி ஆயிலுக்குள் இறங்கும் துளிகள்.]

டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டால் என்ஜின் சூடாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த முள் காட்டுவது குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை மட்டுமே. ஆயில் அந்த நிலையை எட்ட இன்னும் அதிக நேரம் பிடிக்கும். குளிர்ந்த என்ஜினில் எரியாமல் தங்கும் எரிபொருளில் ஒரு பகுதியும், எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இவை ஆவியாகி வெளியேறிவிடும். ஆறு கிலோமீட்டரில் அணைக்கப்படும் வண்டியில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். சைலன்சருக்குள் தேங்கும் ஈரம் அதை உள்ளிருந்து துருப்பிடிக்க வைப்பதும், ஸ்டார்ட் செய்யும்போது செலவான மின்சாரம் பேட்டரிக்கு முழுவதும் திரும்பாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

டீசல் என்ஜினில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. இழுவைக்கு டீசலைப் போல வேறில்லை என்பது உண்மை; குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க் என்ற சுழற்று விசையும், இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் மலைச்சாலையில் ஓட்டுநருக்குப் பெரும் நிம்மதி தருபவை. ஆனால் இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் உள்ளே சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும், அந்த வெப்பம் தணியாத தொடர் ஓட்டமும் தேவை. வேலையிடத்தின் வாசலில் என்ஜினை அணைத்தால் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் மீண்டும் தொடங்கி மீண்டும் நிற்கிறது. வடிகட்டியைச் சூடேற்றுவதற்காகப் பல என்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைச் செலுத்துகின்றன; அதில் ஒரு பங்கு சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால் மகிழ வேண்டாம், கூடியிருப்பது டீசல்.

வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் டீசல் வண்டிக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது. கனமான டிரெய்லரை அடிக்கடி மலையேற்றுபவர் தாராளமாக டீசலை எடுக்கலாம். மாதம் ஒருமுறை மட்டும் டிரெய்லர், மற்றபடி ஊருக்குள் ஓட்டம் என்றால், டர்போ பெட்ரோல் என்ஜினோ, பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடோ போதும் என்பது என் கருத்து.

ஹைபிரிட் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கலாம். முழு அளவு பிக்கப்புகளில் ஃபோர்டு எஃப்-150 தனது 2021 மாடலிலும், டொயோட்டா டன்ட்ரா 2022 மாடலிலும் இதைக் கொண்டுவந்தன. நின்று நின்று நகரும் ஊர்ப் போக்குவரத்தில் மின்மோட்டார் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது; டிரெய்லரை நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போதும் அதன் உதவி நன்றாகத் தெரியும். ஆனால் இவற்றின் பேட்டரி சிறியது. நீண்ட ஏற்றத்தில் அதன் இருப்பு விரைவில் தீர்ந்து, பிறகு முழுச் சுமையும் பெட்ரோல் என்ஜின் தலையில்தான் விழும். பேட்டரியின் எடையும் வண்டி சுமக்கக்கூடிய எடையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

முழு மின்சார ட்ரக்குக்குச் சூடேற வேண்டிய என்ஜினே இல்லை என்பதால் ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. உயரமான பெட்டி டிரெய்லரை மாட்டினால் மட்டும் கதை மாறுகிறது: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜில் செல்லும் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்ட பிறகே வண்டியை உள்ளே நிறுத்த முடியும். அருகிலுள்ள ஏரிக்குப் படகை இழுத்துச் செல்பவருக்கு இவை தடையல்ல. மாநிலம் தாண்டிச் செல்பவருக்குத் தடை.

[திரையில்: ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தூணில் தெரியும் எடை விவரச் சீட்டு.]

இனி டிரெய்லர் பக்கம் வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, வட அமெரிக்காவில் விற்கப்படும் வண்டிகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள சுமைத் திறன், அதாவது பேலோட். டிரெய்லரின் முழு எடையும் அதன் சக்கரங்கள் மேல் நிற்பதில்லை. சாதாரண டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, ட்ரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் வழியாக ட்ரக்கின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல வளைந்தாடத் தொடங்கும். மிகுந்தால் ட்ரக்கின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5,000 கிலோ இழுக்கும் என்று சொல்லப்படும் ஒரு ட்ரக்கின் பேலோட் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் டிரெய்லர் சாமான்களோடு 3,000 கிலோ. அதில் 13 விழுக்காடு, அதாவது 390 கிலோ, ஹிட்ச் மேல் இறங்குகிறது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கருவி 40 கிலோ. நான்கு பேர் கொண்ட குடும்பம் 280 கிலோ. கூட்டினால் 710. இழுவைத் திறனில் 2,000 கிலோ மிச்சம் இருக்கும்போதே வண்டி அளவை மீறிவிட்டது. பின்பெட்டியில் இன்னும் ஒரு பை கூட ஏறவில்லை.

விளம்பர எண் பொய் என்று இதற்குப் பொருளல்ல. அமெரிக்கச் சந்தையில் அந்த எண்ணை எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரநிலைப்படி சோதிக்கிறார்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் அருகே சுமார் 18 கிலோமீட்டர் நீளும் ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுவதும் ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வண்டி ஏறியாக வேண்டும். பின் ஆக்சிலில் நான்கு சக்கரங்கள் உள்ளவற்றுக்கு மட்டும் சிறு சலுகை உண்டு. சோதனை கடுமையானதுதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடப்படுவது தலா 68 கிலோ எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே. குழந்தைகளும், நாயும், கருவிப் பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை.

பேலோட் போதவில்லை என்றால் அடுத்த கன ரகத்துக்குப் போகலாம். அதற்கான விலையைத் தினசரிப் பயணத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். டன் கணக்கில் சுமக்க வடிவமைக்கப்பட்ட ஸ்பிரிங், வெறும் வண்டியில் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகுக்குத் தெரிவிக்கும். நீண்ட வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம், டிரெய்லரை நேராகப் பிடித்துச் செல்லும். அதே நீளம் பார்க்கிங்கில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போகவைக்கும். எந்த வண்டியானாலும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் டோயிங் பேக்கேஜ் என்ற இழுவைக் கருவித் தொகுப்பு உள்ளதை எடுப்பது நல்லது. கியர்பாக்ஸ் ஆயில் கூலரையும் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டையும் பின்னர் தனித்தனியாகப் பொருத்துவது வீண் அலைச்சல்.

[திரையில்: எடை மேடை. ட்ரக்கின் சக்கரங்கள் மேடையின் மேல்; டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே.]

டிரெய்லர் ஏற்கெனவே கைவசம் இருந்தால், ட்ரக்கைத் தேடும் முன்பே அதை வழக்கமான சாமான்களோடும் தண்ணீரோடும் எடை மேடைக்கு இழுத்துச் செல்லுங்கள். இரவல் வண்டியானாலும் போதும், அந்த எடையை இழுக்கத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். முதலில் டிரெய்லர் மாட்டியிருக்கும் நிலையில் இழுக்கும் வண்டியின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுக்க வேண்டும். எடைப் பகிர்வுக் கருவி இருந்தால் அதை இறுக்காமல் விட வேண்டும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்கள் அமர்ந்திருக்க, வண்டியை மட்டும் எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஹிட்ச் மேல் இறங்கும் எடை. எடை மேடையில் கிடைத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்கப் போகும் ஒவ்வொரு ட்ரக்கின் கதவையும் திறந்து தூணில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.