மொழிபெயர்க்கத் தெரியும், விலை சொல்லத் தெரியுமா?

(திருகோணமலையில் பட்டதாரிகளும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், படிப்பை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்பில் முதுமாணி செய்துகொண்டே எம்.பி.ஏ.யும் செய்யலாமா என்று இங்கே ஒரு பிள்ளை கேட்டால், "ஒன்றை ஒழுங்காய்ச் செய்" என்றுதான் வீட்டில் பதில் வரும். நான் அந்தக் கட்சி இல்லை. மொழிபெயர்க்கக்கூடியவர்கள் இந்த ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். அந்த வேலைக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அன்று தொடங்கிய மொழிபெயர்ப்பு வேலை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இன்னும் தீரவில்லை. 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. நிலாவெளியில் ஹோட்டல்கள் பெருகிவிட்டன. தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வேலை செய்கிறவர்கள் படிப்பதோ தமிழும் சிங்களமும். ஆனாலும் நம்முடைய மொழிபெயர்ப்பாளர் பிறப்புச் சான்றிதழுக்கும் கல்யாணப் பதிவுக்கும் முத்திரை குத்திக்கொண்டு, தாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இருக்கிறார். அதில் சாப்பிடலாம், வளர முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்புவெளியில் ஒரு ஹோட்டல் என்று வையுங்கள். ஊழியர் கைநூல், ஆங்கிலத்தில் 10,000 சொற்கள், தமிழில் வேண்டும். எவ்வளவு என்று முகாமையாளர் கேட்கிறார். "பக்கத்துக்கு இவ்வளவு" என்கிறோம். எந்தப் பக்கம்? எழுத்து எந்த அளவு? சரி, சொல்லுக்கு இவ்வளவு என்றால், எந்த மொழிச் சொல்? ஆங்கிலக்காரர் மூன்று சொல்லில் எழுதுவதை நாம் 'வீடுகளிலிருந்து' என்று ஒன்றாக ஒட்டி எழுதிவிடுகிறோம். 10,000 ஆங்கிலச் சொல் தமிழில் ஏழாயிரத்துச் சொச்சமாக இறங்கலாம். தமிழ்ச் சொல்லை எண்ணி விலை சொன்னவர், வேலை தொடங்குமுன்னே கூலியில் கால்வாசிக்கு மேல் இழந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், சொல் குறைந்தாலும் எழுத்து இடத்தை அடைப்பதால் பக்கம் கூடும்! ஆகவே மூலத்தின் சொல்லையே எண்ணுங்கள், அதையும் எழுத்தில் கொடுங்கள்.

இனிச் செலவு. நாளுக்கு 2,000 சொல் என்றால் ஐந்து நாள். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 என்ற 2015ஆம் ஆண்டுச் சர்வதேசத் தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. அவருக்குக் கூலி உண்டு. பிறகு, ஹோட்டல்காரர் தந்த பழைய தமிழ்க் கோப்பு, யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை யுனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும். அதைத் திருத்த அரை நாள். அந்த அரை நாளை விலைக்கோரலில் போட்ட ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம். கடைசியில், காசு வர 60 நாள் என்கிறார்கள். திருத்தியவருக்கோ இந்தக் கிழமையே கொடுக்க வேண்டும். இந்த இடைவெளியை எங்கிருந்து நிரப்புவது? வணிகப் படிப்பில் தொழிற்படு மூலதனம் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது இதற்குத்தான்.

மென்பொருள் வந்ததும் பேரமும் மாறிவிட்டது. முன்பு மொழிபெயர்த்த வாக்கியம் திரும்ப வந்தால் மொழிபெயர்ப்பு நினைவகம் எடுத்துத் தரும். வாடிக்கையாளர் அதற்கு விலைக்கழிவு கேட்பார். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரச் சொல்வார். அதற்கும் 2017இல் ஐ.எஸ்.ஓ. 18587 வந்திருக்கிறது. இயந்திரத் தமிழ் சில பக்கத்தில் தேறும், சில பக்கத்தில் முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் அந்த வேலைக்கு மணிக்கணக்கில் விலை சொல்வதே என் கட்சி.

இதற்காக வெறும் எம்.பி.ஏ. போதும் என்று நினைக்க வேண்டாம். தமிழ் வரைவைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரியாதவர் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்தினால், அவர் தரகர். 17100 மொழிபெயர்ப்பாளரின் தகுதிக்கு மூன்று வழி வைக்கிறது: மொழிபெயர்ப்பில் பட்டம், வேறு துறைப் பட்டமும் இரண்டு வருட முழுநேர அனுபவமும், அல்லது ஐந்து வருட முழுநேர அனுபவம். முதலாவது வழிதான் குறுக்குப் பாதை.

வெளிநாட்டில் இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பு முதுமாணியையும் எம்.பி.ஏ.யையும் இணைத்தே செய்யலாம். கலிஃபோர்னியாவின் மொன்டரேயில் மொழிபெயர்ப்போடு திட்ட முகாமைத்துவமும் கற்பித்த புகழ்பெற்ற கல்லூரி ஒன்று உண்டு. அங்கே நேரடி முதுமாணி வகுப்புகளை மூடப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டார்கள். காணியை ஈடுவைத்துப் போகுமுன் இதையெல்லாம் விசாரியுங்கள். கல்யாண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ. என்று போட அழகாகத்தான் இருக்கும், கடன் அதைவிட நீளம்.

உள்ளூரில் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் களனியிலும் மொழிபெயர்ப்புக் கற்கை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் கோணேசபுரி வளாகத்தில் மொழித் துறையும் முகாமைத்துவத் துறையும் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் என்ற ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு துறைப் பிள்ளை மற்றத் துறையின் செலவுக் கணக்கீட்டு வகுப்பில் போய் உட்காரலாமா என்று விரிவுரையாளரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

முதல் பட்டம் முடிந்த கையோடு எம்.பி.ஏ.க்கு ஓட வேண்டாம். இரண்டு வருடம் வேலை செய்து, நாலு விலைக்கோரலில் அடிபட்ட பிறகு போனால்தான் அங்கே என்ன கேட்பது என்று தெரியும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், மொழிபெயர்ப்பையே எடுங்கள். கணக்கீட்டை மாலை வகுப்பில் பிடித்துவிடலாம். உங்கள் பக்கத்தை வரிவரியாகச் சிவப்பு மையால் திருத்தித் தருகிற ஆசிரியர் மாலை வகுப்பில் கிடைக்கமாட்டார்.