மாஸ்டர்ஃபுல்: கெட்டிக்காரரா, அதட்டல்காரரா?

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் மேலதிகாரிக்குப் பணி ஓய்வு விழா. ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய நிர்வாகத்தை 'மாஸ்டர்ஃபுல்' என்று புகழ்ந்திருந்தேன். மேடையில் வாசித்து முடித்ததும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதட்டி வேலை வாங்கினேன் என்கிறாய், அப்படித்தானே தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், அதிகாரத் தோரணை, பிறரை அடக்கியாளும் குணம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேதான் திறமை.

இங்கிலாந்தில் ஃபௌலர் என்று ஓர் இலக்கணக்காரர். 1926-இல் வெளிவந்த தமது சொல்வழக்கு அகராதியில் இதற்கு வேலி போட்டார்: திறமைக்கு 'மாஸ்டர்லி', அதட்டலுக்கு 'மாஸ்டர்ஃபுல்'. அதற்கு முன்பு இரண்டு சொல்லுமே இரண்டு பொருளிலும் புழங்கியவைதான். சரி, வேலி நின்றதா? இல்லை. 'அருமையாக ஆடினார்' என்று சொல்ல 'மாஸ்டர்ஃபுல்லி' சுலபமாக வருகிறது. 'மாஸ்டர்லி'யோடு இன்னொரு 'லி' சேர்த்துப் பாருங்கள், 'மாஸ்டர்லிலி'. பூக்கடையில்தான் கேட்க வேண்டும்! அதனால் எழுதுகிறவர்கள் வேலியைத் தாண்டினார்கள். இன்றைய அகராதிகளும் மாஸ்டர்ஃபுல்லுக்கு இரண்டு பொருளும் தருகின்றன.

மாஸ்டருக்கு மூலம் லத்தீனின் 'மாகிஸ்டர்'. அதற்குள் இருப்பது 'அதிகம்' என்ற சொல். 'மினிஸ்டர்' அதற்கு நேர் எதிர், 'குறைவு' என்பதிலிருந்து வந்தது. பணியாள் என்று அர்த்தம். (மந்திரிகள் யாரும் அரங்கில் இல்லையே?)

நாமும் சளைத்தவர்கள் இல்லை. கொடியசைத்து ரயிலை அனுப்புகிறவர் ஸ்டேஷன் மாஸ்டர். மாவு உருண்டையை எண்ணெயில் தட்டி, வீசி, கண்ணாடி மாதிரி விரித்து, கொசுவிச் சுருட்டுகிறவர் பரோட்டா மாஸ்டர். முதலாமவருக்கு அதிகாரம், இரண்டாமவருக்குக் கைவாகு. ஒரே பட்டம்!

தமிழின் 'வல்'லும் அப்படித்தான். வல்லுநர், வல்லரசு, வன்முறை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. பேச்சில் வல்லவனைச் 'சொலல்வல்லன்' என்று தொடங்கும் வள்ளுவரும், அவனை 'இகல்வெல்லல் யார்க்கும் அரிது', அதாவது பகைத்து வெல்வது யாருக்கும் கடினம் என்றுதான் முடிக்கிறார். திறமையைச் சொல்ல ஆரம்பித்தவர் போர்க்களத்துக்கே போய்விட்டார்.

அப்புறம் அந்த மடல். 'மாஸ்டர்லி' என்று திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்: "பழையதையே கொடு. வீட்டில் அதைத்தான் ஒத்துக்கொள்வார்கள்."